ஆறு மில்லிமீட்டர் புல்லின் உயரம்

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருகிறவர்களின் பாதையோரத்தில் பச்சைப் புல் அதிகம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏழு மாதமாகியிருக்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருமிடத்தில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். மேட்டுக் காட்டில் நிற்கும் புல்லெல்லாம் வைக்கோல் நிறம். அதன் அடியில் போன வருடத்துச் சருகு சாம்பல் பூத்துக் கிடக்கும். ஒரு தூருக்கும் அடுத்த தூருக்கும் நடுவே ஒரு முழம், இரண்டு முழம் வெறும் கரிசல்.

இந்த நிலத்தில் ஒரு சாண் துண்டைச் சுருக்கி, மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பொம்மைச் சிப்பாயின் காலடியில் வைக்க வேண்டும் என்றால் எந்தப் புல்லை வாங்குவது? மேசைப் போர் விளையாட்டுக்காக மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். சீருடையின் பொத்தான் வரை பார்த்துப் பார்த்துத் தீட்டியிருப்பார்கள். காலடிப் புல்லை மட்டும் கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். அதோடு அந்தச் சிப்பாய் கரிசல் காட்டைவிட்டுக் கிளம்பி ஐரோப்பிய மேய்ச்சல் வெளிக்குப் போய்விடுகிறான்.

மேசையின் மீது படை நடத்தும் ஆட்டத்துக்கு வயது அதிகம். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட விதிகள் அந்த நாட்டு அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டன. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தது. இன்று ஈயக் கலவையிலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்த வீரர்கள் 6, 10, 15, 28 மில்லிமீட்டர் என்று பல உயரங்களில் கிடைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறிய பீடத்தில் நிற்பார்கள். பீடத்தில் மணல் ஒட்டி, வண்ணம் தீட்டி, கடைசியாகப் புல் வைப்பது வழக்கம். இதற்கென்றே ஆயத்தப் புல்கொத்துகள் விற்கின்றன. ‘டஃப்ட்’ என்று பெயர். ஒரு தாளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கொத்தை இடுக்கியால் கிள்ளி எடுத்துப் பீடத்தில் அழுத்தினால் முடிந்தது. 2, 4, 6, 12 மில்லிமீட்டர் என்று அதன் உயரம் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும்.

தமிழ் வீடுகளுக்கு இந்தக் கலை புதிதல்ல. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் ‘பார்க்’ வைக்கிறவர்கள் மணலைப் பரப்பி, கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். விரலளவு மரப்பாச்சிகளுக்கு நடுவே கடுகுச் செடி இரட்டை இலையோடு எழும்பும்போது அது புல்லாக இருக்காது. பொம்மையின் இடுப்பு வரை வரும் தோப்பாகிவிடும். கேழ்வரகு முளை மெல்லியதாக இருப்பதால் கொஞ்ச நாளுக்குப் புல்லாகவே நடிக்கும். ஒன்பதாம் நாளில் அதுவும் அளவு மீறிவிடும். கொலு வைத்துப் பழகிய கண்கள் அளவுப் பொருத்தத்தைச் சொல்லித்தராமலே பார்த்துவிடும். மேசைப் போர்க்களத்துக்குத் தேவைப்படுவதும் அதே கண்தான். கூடவே ஒரு வகுத்தல் கணக்கு வேண்டும், அவ்வளவே.

28 மி.மீ. என்பதைப் பாதத்திலிருந்து கண் வரையுள்ள உயரமாகப் பலரும் கொள்கிறார்கள். சராசரி மனிதனின் கண் மட்டம் ஏறத்தாழ 157 செ.மீ. என்று வைத்தால் உருவம் 56-இல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. ஆகவே கொத்தின் உயரத்தை 56-ஆல் பெருக்கினால் உண்மையான உயரம் வந்துவிடும். 2 மி.மீ. கொத்து 11 செ.மீ. புல். 4 மி.மீ. என்றால் 22 செ.மீ. 6 மி.மீ. என்றால் ஓர் அடியைச் சற்றுத் தாண்டி 34 செ.மீ. 12 மி.மீ. கொத்து 67 செ.மீ., தொடை வரை. இதே 6 மி.மீ. கொத்தை 15 மி.மீ. வீரனுக்கு, அதாவது நூறில் ஒரு பங்கு அளவுக்கு, ஒட்டினால் 60 செ.மீ. ஆகிவிடும். 6 மி.மீ. வீரனின் அளவு சுமார் 300-இல் ஒரு பங்கு. அவன் பக்கத்தில் அந்தக் கொத்து 1.8 மீட்டர் உயர்ந்து நிற்கும். வீரன் அதற்குள் மறைந்தே போவான்.

நீளத்தோடு கணக்கு முடிவதில்லை. தடிமனும் உண்டு. அதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. டஃப்ட் செய்யும் நைலான் இழைகளின் குறுக்களவு பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை. தடித்த இழையை எடுத்துக்கொள்வோம். 56-ஆல் பெருக்கினால் 2.8 மி.மீ. வருகிறது, நம் வரப்புப் புல்லின் இலை அகலத்துக்கு ஏறக்குறைய சரி. 28 மி.மீ. உருவங்களுக்கு டஃப்ட் அவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு இந்தத் தற்செயலான பொருத்தமும் ஒரு காரணம். அதே இழையை 300-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 15 மி.மீ. அது புல்லல்ல, தட்டை. கத்தரியால் உயரத்தை எவ்வளவு குறைத்தாலும் 6 மி.மீ. உருவத்தின் பக்கத்தில் அது அறுத்த சோளத்தின் அடிக்கட்டையாகத்தான் தெரியும். அந்த அளவுக்குப் புல் வேண்டுமானால் பொடித்த பஞ்சுத் தூளோ, மிக நுண்ணிய மரத்தூளோ சாயம் ஏற்றித் தூவுவதே நல்லது. டஃப்டை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் நார், சணல் என்று வீட்டிலிருப்பதை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். தேங்காய் நாரின் தடிமன் 0.1 முதல் 0.4 மி.மீ. வரை போகும். 28 மி.மீ. அளவில் அது அரை சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த தண்டு. வைப்பாற்றுக் கரை நாணலுக்குப் பொருந்தும், மேட்டுக்காட்டுப் புல்லுக்குப் பொருந்தாது. சணலைப் பிரித்தால் இன்னும் மெல்லிய இழை கிடைக்கும். நாணல் இரண்டு மூன்று மீட்டர் வளரும் என்பதால் அதற்கு 4 அல்லது 5 செ.மீ. நீளம் தேவை, கடையில் விற்கும் மிக உயரமான டஃப்ட்கூட அந்த உயரத்துக்கு எட்டாது. அங்கே நாரும் பழைய தூரிகை மயிரும்தான் கைகொடுக்கும்.

அடுத்தது பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும் பருவத்தின் பெயர். கோடைப் புல், இலையுதிர்காலப் புல், பனிக்காலப் புல் என்று விற்பார்கள். ஜெர்மனி, போர்ச்சுகல், டென்மார்க், இங்கிலாந்து போன்ற நாடுகளின் நிறுவனங்கள்தான் இந்தச் சந்தையில் முன்னால் நிற்கின்றன. அவர்கள் ஊர் மாதங்களே பாக்கெட்டிலும் இருக்கும். வட ஐரோப்பாவில் கோடை என்றால் பச்சை. விருதுநகர் மாவட்டத்தில் கோடை என்றால் காய்ந்த நிறம். இங்கே ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 800 மி.மீ. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. ஐப்பசியில் புல் முளைத்து, மார்கழி தையில் தளதளவென்று நின்று, மாசிக்குப் பிறகு நுனியிலிருந்து கருகத் தொடங்கும். ‘கோடை’ என்று அச்சிட்ட பச்சைக் கொத்து இருக்கன்குடிக்குக் கார்த்திகை மாதத்தில்தான் பொருந்தும். சித்திரை வைகாசிக்கு வேண்டியது அவர்கள் ‘இலையுதிர்காலம்’ என்றோ ‘பாலைவனம்’ என்றோ பெயரிட்டு விற்கும் வைக்கோல் நிறக் கொத்து. பாக்கெட்டின் பெயரை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்த நிறமும் ஒரே நிறமாக இருந்தால் பொய்யாகத் தெரியும். புல் காயும்போது இலையிலுள்ள பச்சையத்தைத் தாவரம் சிதைத்து, இலையின் நைட்ரஜனை வேருக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சை போனபின் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் தெரிகின்றன. பிறகு அவையும் வெளுத்து வெறும் நார் மிஞ்சுகிறது. இந்த மாற்றம் நுனியிலும் மூத்த இலையிலும் முதலில் நடக்கும். நடுவிலுள்ள இளங்குருத்து கடைசியில்தான் காயும். ஆகவே பாதி காய்ந்த ஒரு தூரை நெருங்கிப் பார்த்தால் அடியில் சாம்பல் சருகு, வெளிச்சுற்றில் வைக்கோல், நடுவே மங்கிய பச்சை என்று மூன்று நிறம் இருக்கும். ஒரே நிற நைலான் கொத்தை வாங்கி, அடியில் நீர்த்த சாம்பல் பழுப்பைப் பாயவிட்டு, நுனிகளில் மட்டும் உலர்ந்த தூரிகையால் வெளிர் மஞ்சளைத் தடவினால் இதைக் கொண்டுவரலாம். நைலானின் மினுமினுப்பும் அதோடு அடங்கும். மினுங்கும் புல்லைக் கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் காலையில் மட்டுமே பார்க்க முடியும்.

புல் ஏன் கொத்தாக வளர்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் எங்கே ஒட்டுவது என்ற கேள்வி பாதி தீரும். புல்வகைகளில் பக்கக் கிளைகள் தரையை ஒட்டியுள்ள கணுக்களிலிருந்து புறப்படுகின்றன. அந்தக் கிளை தரையோடு ஓடி, போகிற இடமெல்லாம் வேர்விட்டால் அருகம்புல்லைப் போலப் பாய் விரிக்கும். தாய்த் தண்டை ஒட்டியே நிமிர்ந்து எழுந்தால் தூர் கட்டும். கரிசலிலும் செவலிலும் மேய்ச்சலுக்குப் பெயர்பெற்ற கொழுக்கட்டைப் புல் இரண்டாம் வகை. வறண்ட நிலத்தில் தூர் கட்டுவதில் லாபம் உண்டு: தன் நிழலில் தன் அடிமண்ணைக் காத்துக்கொள்கிறது, அடித்துவரும் மண்ணையும் சருகையும் பிடித்துவைக்கிறது. ஆனால் அதன் வேர் இலைப்பரப்பைவிட அகலமாகப் பரவிச் சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுவதால், பக்கத்தில் இன்னொரு தூர் எழுவது கடினம். அந்த வெற்றிடம்தான் வறண்ட நிலத்தின் அடையாளம்.

இதை அப்படியே பீடத்துக்குக் கொண்டுவரலாம். 25 மி.மீ. குறுக்களவுள்ள வட்டப் பீடம் உண்மையில் 1.4 மீட்டர் குறுக்களவுள்ள நிலம். தூருக்குத் தூர் முழமோ இரண்டு முழமோ இடைவெளி விட்டால் அந்த வட்டத்தில் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று தூர்கள்தான் இருக்க முடியும். ஏழெட்டுக் கொத்துகளை அப்பிய பீடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கரிசல் காடு அல்ல. வைக்கிற ஒன்றிரண்டையும் நடுவில் வைக்காமல் ஒரு கல்லின் ஓரத்தில், சிறு பள்ளத்தில், முள் குச்சியின் மறைவில் வைத்தால் நம்பும்படி இருக்கும். மழைநீர் வழிந்து தேங்குவது அங்கேதான். ஆட்டின் வாய் எட்டாததும் அங்கேதான். வெள்ளை உடம்பில் செந்திட்டுகளோடு திரியும் வெம்பூர்ச் செம்மறிகள் மேய்கிற பகுதி இது. மந்தை போன பாதையில் கொழுக்கட்டைப் புல் ஒரு சாணுக்கு மேல் மிஞ்சாது. அதற்கு 4 மி.மீ. கொத்து. வேலிக்குள் தப்பிப் பூத்து நிற்கும் தூருக்கு 12 மி.மீ. அருகம்புல்லுக்கு 2 மி.மீ. போதும், அதையும் கொத்தாக வைக்காமல் கிழித்துப் பரப்ப வேண்டும்.

கீழே உள்ள மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரிசல் என்றவுடன் கறுப்பு வண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். ஈரக் கரிசல்தான் கறுப்பு. காய்ந்தது சாம்பல் கலந்த கரும்பழுப்பு. அதிலுள்ள களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நிலம் வெடிப்பது அதனால். 5 செ.மீ. அகல வெடிப்பு 28 மி.மீ. அளவில் 0.9 மி.மீ. ஆகும். 300-இல் ஒரு பங்கு அளவில் அதே வெடிப்பு 0.17 மி.மீ. மனிதக் கண் 60 செ.மீ. தொலைவிலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவும் அதுதான். அதனால் 6 மி.மீ. மேசையில் வெடிப்பு வரையத் தேவையில்லை. வரைந்தால் அது வெடிப்பாக இருக்காது, வாய்க்காலாகிவிடும்.

டஃப்ட் செய்யும் முறை இந்த வட்டாரத்துக்குத் தனியாகச் சுவை தரும், ஏனென்றால் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர்கள் நாள்தோறும் விலக்கிவைக்கப் பாடுபடும் ஒன்றால்தான் இந்தப் புல் நிமிர்ந்து நிற்கிறது. அது நிலைமின்னூட்டம். சிலிகான் பூசிய தாளில் பசையைத் துளித்துளியாக வைப்பார்கள். பசையைத் தாங்கும் தட்டை எர்த்துடன் இணைத்துவிட்டு, இழைகள் உள்ள சல்லடைக்குப் பல ஆயிரம் வோல்ட் கொடுப்பார்கள். நைலான் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இழைகளை முன்கூட்டியே லேசாகக் கடத்தும் பூச்சில் நனைத்து உலர்த்தியிருப்பார்கள். சல்லடையைத் தொட்ட இழை அதன் மின்னூட்டத்தையே வாங்கிக்கொண்டு, அதனாலேயே விலக்கித் தள்ளப்பட்டு, நீளவாக்கில் திரும்பிப் பசையை நோக்கிப் பாய்ந்து குத்தி நிற்கும். ஒரே வகை மின்னூட்டம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று ஒதுக்குவதால் சாய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்கின்றன. ஈரப் பசை மின்சாரத்தைக் கடத்தும். கடத்தியின் பரப்புக்கு மின்புலம் எப்போதும் செங்குத்தாக அமையும். பசைத் துளி மேலே குவிந்திருப்பதால் நடு இழை நேராகவும் ஓர இழை வெளிப்புறம் சாய்ந்தும் நிற்கிறது. இயற்கையில் தூர் கட்டிய புல்லின் விரிவு, சொல்லிவைத்தாற்போல் இந்தக் குவிவிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கைக்கருவிகள் 10,000 முதல் 20,000 வோல்ட் வரை தரும். மின்னோட்டம் மிகச் சொற்பம். 15,000 வோல்ட்டில் சல்லடையைப் பசையிலிருந்து 4 செ.மீ. தள்ளிப் பிடித்தால் சென்டிமீட்டருக்கு 3,750 வோல்ட். காற்றைக் கிழித்துப் பொறி பாய சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வேண்டும் என்பதால் நிறையவே இடைவெளி இருக்கிறது. கொசு பேட்டின் உள்ளிருக்கும் சுற்றையும் டீ வடிகட்டியையும் சேர்த்துச் சொந்தமாகக் கருவி செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கொசு பேட் ஓரிரண்டு ஆயிரம் வோல்ட்தான் தரும்; 2 மி.மீ. இழை நிமிரும், நீண்ட இழை சோர்ந்து சாயும். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

காற்றின் ஈரப்பதம் இந்த வேலையில் பெரிய பங்கு வகிக்கிறது. ஈரம் அதிகமானால் மின்னூட்டம் கசிந்துவிடும். மிகவும் வறண்டால் இழையின் மேல்பூச்சு கடத்துவதை நிறுத்திவிடும். இழைகள் சரியாக மின்னூட்டம் ஏறாமல் உருண்டு கட்டியாகும். ஆலைகளில் ஈரப்பதத்தைப் பாதிக்குச் சற்று மேல் வைத்துக்கொள்வார்கள். சித்திரை மாத மத்தியானம் சாத்தூரில் இதைச் செய்ய உட்கார்ந்தால் இழை பாயாமல் சல்லடையிலேயே திரளும். விடியற்காலையில் செய்வது நல்லது. இல்லையென்றால் இழை டப்பாவைத் திறந்து, முதல் நாள் இரவு ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

இந்த வறட்சிதான் சிவகாசியை உருவாக்கியது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். நனையாத காற்று குச்சியைக் காயவைத்தது, மருந்தைக் காத்தது, பின்னால் அச்சுத் தாளுக்கும் உதவியது. ஆனால் காயவைக்கும் காற்று மின்னூட்டத்தையும் தங்கவைக்கும். வறண்ட நாளில் நடந்து வரும் மனித உடம்பு 10,000 வோல்ட் வரை ஏற்றிக்கொள்ள முடியும். உடம்பின் மின்தேக்குதிறன் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால் அதில் அடங்கும் ஆற்றல் 5 மில்லிஜூல். விரல் நுனியில் சுள்ளென்று குத்திவிட்டுப் போகும் அளவுதான். நுண்ணிய அலுமினியத் தூள் கலந்த சில மருந்துகளுக்குத் தீப்பிடிக்க அதுவே தாராளம். மருந்துக் கலவை அறையின் வாசலில் எர்த் இணைத்த உலோகத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டு உள்ளே போவதும், நைலான் உடையைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துவதும் அதனால்தான். டஃப்டில் இழையை நிமிர்த்தும் அதே விசை அங்கே உயிரைக் குடிக்கும். ஆகவே இந்தப் பகுதியில் வீட்டில் புல் இழை தூவுகிறவர்கள் அந்தக் கருவியைப் பட்டாசோ, மருந்தோ, திரியோ வைத்திருக்கும் இடத்தின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு போர்க்களத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். இருக்கன்குடிக்குத் தெற்கே ஓட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேனின் கும்பினிப் படை வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டையைத் தாக்கி, உள்ளே நுழைய முடியாமல் பின்வாங்கியது. பிறகு கோட்டையைவிட்டு வெளியேறிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவருடைய தம்பி ஊமைத்துரை, இடித்துத் தள்ளிய கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31-ஆம் தேதி நடந்த தாக்குதலும் தோற்றது. மே 24-ஆம் தேதிதான் கர்னல் அக்னியூவின் படையிடம் கோட்டை விழுந்தது.

முழுக்க முழுக்க மண்ணால் கட்டிய கோட்டை அது. அன்று எதிர்ப்படையிலிருந்த அதிகாரிகளின் குறிப்புப்படி சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரச் சுவர், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. 28 மி.மீ. அளவில் இதைக் கட்டினால் நீளம் மட்டும் 2.7 மீட்டர் வந்துவிடும். ஒரு கொத்தளத்தையும் கொஞ்சம் சுவரையும்தான் மேசையில் வைக்க முடியும். 300-இல் ஒரு பங்கு அளவில் முழுக் கோட்டையும் ஏறக்குறைய அரை மீட்டரில் அடங்கும், சுவர் 12 மி.மீ. நிற்கும், சுற்றியுள்ள காட்டுக்கும் இடம் மிஞ்சும். கொத்தளத்தின் உடைப்பில் நடந்த கைகலப்பைக் காட்ட விரும்புகிறவர் பெரிய உருவத்தையும், முற்றுகையின் முழுப் பரப்பைக் காட்ட விரும்புகிறவர் சிறிய உருவத்தையும் எடுக்கட்டும். இரண்டுக்கும் ஒரே டஃப்ட் பாக்கெட் பயன்படும், வேறு வேறு பயிர்களாக.

பெரிய அளவில் செப்டம்பர், மே இரண்டுக்கும் வைக்கோல் நிறம்தான். செப்டம்பரில் தென்மேற்குப் பருவத்தின் ஓரிரு தூறலில் துளிர்த்த மங்கிய பச்சையை நடுவில் ஒரு இழை சேர்க்கலாம். மே மாதத்தில் அதுவும் வேண்டாம். பீடத்தில் புதர் வைக்கிறவர்கள் சீமைக்கருவேலத்தைத் தவிர்க்க வேண்டும். இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணில் படுவதெல்லாம் அதுதான், ஆனால் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதே 1870-களில். ஊமைத்துரையின் கண்ணில் அது பட்டிருக்க வாய்ப்பில்லை. குடைபோல் மேல்தட்டு விரிந்த உடைமரமும் பனையும் போதும்.

ஒட்டும்போது ஒரு தொல்லை வரும். டஃப்டின் அடியிலுள்ள பசை குளிர் நாட்டு அறை வெப்பத்துக்காகச் செய்தது. மணல் தூசி படிந்த பீடத்திலும் 38 டிகிரி வெயிலிலும் அது நிற்பதில்லை. பீடத்தைத் துடைத்து, ஒரு துளி ஃபெவிகால் வைத்து அழுத்தி, ஓரத்தில் தெரியும் பசை விளிம்பை ஈரமணலால் மூடினால் கொத்து தரையிலிருந்து முளைத்ததுபோல் இருக்கும். வட்ட வட்டமாக இருக்கும் கொத்தை அப்படியே வைக்காமல் இடுக்கியால் இரண்டாகக் கிழித்து, ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிடுவது நல்லது. மேய்ந்த புல்லுக்கு வட்டம் கிடையாது.

சிறிய அளவில் டஃப்ட் வெள்ளாமையாக மாறுகிறது. 300-இல் ஒரு பங்கில் 6 மி.மீ. கொத்துகளை நெருக்கி வரிசை பிடித்தால் ஆள் மறையும் சோளக்காடு. 2 மி.மீ. கொத்து 60 செ.மீ.; முழங்காலுக்குச் சற்று மேல் வரும் பருத்திச் செடிக்குச் சரியான உயரம். மானாவாரிப் பருத்தியை இந்தச் சீமையில் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் வெடித்த காயைப் பறிப்பார்கள். கோட்டையைச் சுற்றிய காட்டில் பருத்தி போட்டிருந்ததாக வைத்துக்கொண்டால் 1799 செப்டம்பர் மேசையில் அது உழுது மழைக்குக் காத்திருக்கும் வெற்று நிலம்; ஒரு கொத்துகூட வேண்டாம், சாலோடிய கோடுகள் போதும். 1801 மார்ச் 31-ஆம் தேதிக்கு மங்கிய பச்சைக் கொத்துகளை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஒட்டி, நுனிகளில் வெள்ளை வண்ணத்தை ஊசியால் புள்ளி வைக்க வேண்டும். மே 24-ஆம் தேதிக்கு அதே வரிசைகள் பறித்து முடித்த பருத்திமாராகிவிடும்: பழுப்புக் கொத்து, நுனி கத்தரித்து, இழைகளில் பாதியைப் பிடுங்கிவிட்டு, இடையிடையே ஆடு நுழைந்து முறித்த இடங்களைக் காலியாக விட்டு ஒட்டலாம்.